யார் செய்தது என்பது ஊருக்கே தெரியும்

எங்கள் வங்கிக் கிளையில் ரெண்டு மணிக்குச் சாப்பாடு. முன்னெல்லாம் அந்த அரைமணி நேரம் அகவிலைப்படி, டிரான்ஸ்பர், மேலாளர் மீதான மனக்குறை என்று ஓடும். இப்போது பேச்சே இல்லை. தண்ணீர் பாட்டிலில் ஒரு செல்போனைச் சாய்த்து வைத்துவிடுகிறார்கள். அதில் ஒரு மூத்த நிருபர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து பழைய கொலைக்கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருப்பார். எதிரே ஒரு இளைஞர், "அப்புறம் என்ன சார் ஆச்சு?" என்று எடுத்துக் கொடுப்பார். ஒருநாள் ஆட்டோ சங்கர், ஒருநாள் வீரப்பன். எங்கள் ஆட்கள் சோற்றைப் பிசைந்தபடியே பிணத்தை எங்கே புதைத்தான் என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். நானும் கேட்டிருக்கிறேன். பொய் சொல்வானேன், விரும்பித்தான் கேட்டிருக்கிறேன்.

அப்படிக் கேட்டு முடித்துக் கவுண்டருக்குத் திரும்பிய ஒரு மத்தியானம், மஞ்சப்பையோடு ஒரு அம்மா நின்றார். பாஸ்புத்தகத்தில் என்ட்ரி போடணும் என்றார். போட்டுக் கொடுத்தேன். போகவில்லை. பைக்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து, "இத கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க சார்" என்றார். முதல் தகவல் அறிக்கையின் நகல். அவருடைய வீட்டுக்காரர் பயராபீஸ் வெடிவிபத்தில் இறந்துபோனவர். வாசித்தேன். மருந்து கலக்கும்போது தொழிலாளி கவனக்குறைவாகக் கையாண்டதால் உராய்வு ஏற்பட்டு வெடித்ததாக எழுதியிருந்தது. மருந்து கலந்த தொழிலாளி அவருடைய வீட்டுக்காரர்தான். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "அப்ப, எங்க வீட்டுக்காரருதான் எல்லாரையும் கொன்னாருன்னு எழுதியிருக்காங்களா தம்பி?"

சார் என்றவர் தம்பி என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பின்னால் வரிசை நின்றது. டோக்கனைக் கூப்பிட்டேன்.

அன்றைக்கு ராத்திரி முழுக்க என்னை அரித்த கேள்வியைத்தான் இங்கே எழுதுகிறேன். கொலையும் குற்றமும் பற்றி இத்தனை பேர் இத்தனை மணிநேரம் பேசுகிறார்கள். நிருபர்கள் தங்கள் நோட்டுப் புத்தகங்களைத் திறந்து வைத்துச் சொல்கிறார்கள். அந்த நாற்காலிக்கு எதிரே இந்த அம்மாவின் கேள்வி ஏன் ஒருநாளும் வருவதில்லை?

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். புலனாய்வுப் பத்திரிகையாளர்களை நான் குறைத்துப் பேச வரவில்லை. தமிழில் இந்த வகைக் கதை எப்படி வந்தது என்று பார்த்தாலே அவர்களுக்கு நாம் பட்ட கடன் தெரியும். 1987-88இல் சென்னை திருவான்மியூரில் ஆறு பேரைக் கொன்ற வழக்கில் மரண தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர், சிறையில் தன் கதையை எழுதினான். அதில் போலீஸ், அதிகாரி வர்க்கம் இவர்களோடு தனக்கிருந்த உறவையும் எழுதியிருந்தான். அதை வெளியிடக் கூடாதென்று 1994 ஜூனில் சிறைத்துறை 'நக்கீர'னுக்குக் கடிதம் எழுதியது. நக்கீரன் கோபால் உச்சநீதிமன்றம் போனார். 1994 அக்டோபர் 7ஆம் தேதி தீர்ப்பு. அவதூறு வரும் என்று பயந்து ஒரு எழுத்தை முன்கூட்டியே தடுக்க அரசுக்கும் அதிகாரிகளுக்கும் அதிகாரம் கிடையாது. பொது ஆவணங்களில், நீதிமன்ற ஆவணங்களில் பதிவானதை வெளியிட யாருடைய அனுமதியும் தேவையில்லை என்றது நீதிமன்றம். அதோடு ஒரு விலக்கும் சொன்னது: பாலியல் வன்முறைக்கும் கடத்தலுக்கும் ஆளான பெண்ணின் பெயரைப் போட்டு அவளை இன்னொரு முறை அவமானப்படுத்தக் கூடாது. அடுத்த ஆண்டு, 1995 ஏப்ரல் 27இல் சேலம் சிறையில் சங்கரைத் தூக்கிலிட்டார்கள். ஆள் போய்விட்டான். தீர்ப்பு நிற்கிறது. ஒரு கொலைகாரனின் கதையிலிருந்து பேச்சுரிமைக்கு ஒரு கதவு திறந்தது. இந்தக் கதவு யாருக்குப் பயன்பட வேண்டும் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது கதை சொல்லும் முறையைப் பார்ப்போம். மூன்று ஆட்கள் இருந்தால் போதும். ஒரு கொலைகாரன், ஒரு போலீஸ் அதிகாரி, ஒரு நிருபர். கொலைகாரனுக்குச் சிறுவயதுக் கதை உண்டு, மீசை உண்டு, காதல் உண்டு. போலீசுக்குச் சாதுரியம் உண்டு. நிருபருக்கு நள்ளிரவுப் பயணம் உண்டு. செத்தவருக்கு என்ன உண்டு? ஒரு புகைப்படம். அதுவும் மங்கலாக.

2023இல் வீரப்பனைப் பற்றி ரெண்டு ஆவணத் தொடர்கள் வந்தன. நெட்பிளிக்ஸில் ஒன்று. ஜீ5இல் 'கூசே முனிசாமி வீரப்பன்'. ரெண்டாவது, நக்கீரன் காட்டுக்குள் போய் எடுத்த பேட்டிகளை வைத்து, அந்த நிருபர்களையே பேச வைத்து எடுத்தது. அதிரடிப்படையின் சித்திரவதையும் அதில் பேசப்படுகிறது; இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் பார்த்து முடித்துக் கைகழுவப் போகும்போது எங்கள் கிளையில் என்ன பேசினார்கள்? மீசை. குறி தவறாத துப்பாக்கி. காட்டைப் படித்த அறிவு. யாரும் வாச்சாத்தி என்ற பெயரைச் சொல்லவில்லை.

சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று சொல்லித்தான் 1992 ஜூன் 20இல் தர்மபுரி மாவட்டம் வாச்சாத்திக்குள் வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் சேர்ந்து நுழைந்தன. மலையாளிப் பழங்குடிகளின் ஊர். பதினெட்டுப் பெண்களைப் பாலியல் வன்முறை செய்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். குற்றம் சாட்டப்பட்ட அரசு ஊழியர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29இல் தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் இறந்துபோனார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது தர்மபுரி நீதிமன்றம். 2023 செப்டம்பர் 29இல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தொரு வருசம். இருநூற்றுப் பதினைந்து குற்றவாளிகள். இதைவிடப் பெரிய குற்றக்கதை தமிழ்நாட்டில் எது? ஆனால் இதில் மீசை இல்லை. இதில் குற்றவாளி ஒரு துறை, ஒரு சம்பளப் பட்டியல், ஒரு ஜீப். இதை வைத்து "அப்புறம் என்ன சார் ஆச்சு?" என்று கேட்டால், "அப்புறம் அவர்கள் வேலையில் தொடர்ந்தார்கள்" என்றுதான் பதில் வரும்.

இன்னொரு காரணமும் உண்டு. அதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். குற்றக்கதை மர்மத்தில் உயிர் வாழ்கிறது. யார் செய்தது என்று தெரியாமல் இருக்க வேண்டும். சேரியில் விழுகிற கொலையில் அந்த மர்மம் கிடையாது. யார் செய்தது என்பது ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே செய்யப்படுவது அது. 1997 ஜூன் 30இல் மேலவளவில் ஊராட்சி மன்றத் தலைவர் முருகேசனையும் மற்றவர்களையும், ஆறு பேரை, பட்டப்பகலில் பஸ்ஸை மறித்துத்தானே வெட்டினார்கள்? இருட்டையா தேடினார்கள்? தனித் தொகுதியாக அறிவிக்கப்பட்ட ஊராட்சியில் ஒரு தலித் நாற்காலியில் உட்கார்ந்ததற்கான பதில் அது. பதிலை யாராவது ஒளித்து வைப்பார்களா?

அதனால் துப்பறியும் கதைக்காரர்களுக்கு நம் சாவில் ருசி இல்லை. 'சாதி மோதல்', 'முன்விரோதம்' என்று ரெண்டு வார்த்தையில் முடித்துவிடலாம். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 ராத்திரி நாற்பத்து நான்கு பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தியதைக்கூட விவசாயத் தகராறு என்றுதானே எழுதினார்கள்? காரும் பணமும் வைத்திருக்கிற மிராசுதார்கள் தாமே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற போக்கில்தானே உயர்நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது?

மர்மம் இல்லை என்றா சொன்னேன்? திருத்திக்கொள்கிறேன். மர்மம் இருக்கிறது. அது கொலையில் இல்லை. கொலைக்குப் பிறகு இருக்கிறது. ஸ்டேஷனில், பிணவறையில், சாட்சிக் கூண்டில் இருக்கிறது.

விருத்தாசலம் பக்கம் கண்ணகி-முருகேசன் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2003 ஜூலை 8. பொறியியல் படித்த தலித் இளைஞனையும் அவன் மணந்த வன்னியப் பெண்ணையும் ஊர் கூடி நிற்க விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். யார் செய்தது என்பதில் யாருக்குச் சந்தேகம்? ஆனால் உள்ளூர்ப் போலீஸ் எழுதிய வழக்கில் முருகேசனின் உறவினர்களும் குற்றவாளிகள். ரெண்டு குடும்பமும் ஆளுக்கொரு பிள்ளையைக் கொன்றுகொண்டதாம்! இதுதான் மர்மக்கதை. இதை எழுதிய கை எது, எழுதச் சொன்ன வாய் எது? 2004இல் வழக்கு சிபிஐக்குப் போனது. 2021 செப்டம்பர் 24இல் கடலூர் நீதிமன்றம் பதின்மூன்று பேரைக் குற்றவாளிகள் என்றது. அதில் ரெண்டு பேர் போலீஸ் அதிகாரிகள். 2025 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அந்த அதிகாரிகளின் மேல்முறையீட்டையும் தள்ளியது. ஒரு பொய் அறிக்கையை உடைக்க இருபத்திரண்டு வருசம். துப்பறிய வேண்டிய இடம் இதுதான் தோழர்களே.

கோகுல்ராஜ் வழக்கில் நாற்காலியே இடம் மாறியது. 2015 ஜூன் 23இல் திருச்செங்கோடு கோயிலில் ஒரு தோழியோடு பேசிக்கொண்டிருந்த பையன். மறுநாள் தண்டவாளத்தில் பிணம். முதலில் தற்கொலை என்றார்கள். தேடப்பட்ட சாதி அமைப்புத் தலைவர் யுவராஜ் தலைமறைவாக இருந்துகொண்டே வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினார். தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்தார். போலீசுக்குக் கிடைக்காத ஆள் கேமராவுக்குக் கிடைத்தார். 'பரபரப்பு' என்று போட்டார்கள். பரபரப்புதான். ஆனால் அந்த அரைமணி நேரத்தில் அவர் சாதிக்கு நாயகன் ஆகிப்போனார். மகனின் உடலை வாங்க மறுத்துப் போராடிய தாய்க்கு அந்த அரைமணி நேரம் கிடைத்ததா? பிரதான சாட்சி பிறழ்ந்தார். கோயில் கேமராவில் பதிந்த படம் பிறழவில்லை. 2022 மார்ச்சில் மதுரை நீதிமன்றம் யுவராஜ் உட்படப் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. பேட்டி எடுப்பது குற்றமல்ல. ஆனால் யாரை உட்கார வைக்கிறோம், யாரை வாசலில் நிறுத்துகிறோம் என்பதில் சாதி இருக்கிறது. டீக்கடை பெஞ்சில் இருந்த அதே சாதிதான்.

இனி எங்கள் சாத்தூருக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்துச் சாவு இன்னும் ஒரு படி கீழே. அதற்குக் கொலை என்ற பெயர்கூடக் கிடையாது. 2012 செப்டம்பர் 5இல் சிவகாசி முதலிப்பட்டியில் முப்பத்தெட்டுப் பேர். உதவிக்கு ஓடியவர்களும் அதில் அடக்கம். 2021 பிப்ரவரி 12இல் சாத்தூர்ப் பக்கம் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள். வருசா வருசம் இப்படி. செய்தியில் 'விபத்து'. சட்டத்தில் 'அஜாக்கிரதை'. பழைய தண்டனைச் சட்டத்தின் 304அ பிரிவில் அதிகபட்சம் ரெண்டு வருசம். வெடிபொருள் அஜாக்கிரதைக்கு 286ஆம் பிரிவில் ஆறே மாதம். 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் அஜாக்கிரதைச் சாவுக்கு ஐந்து வருசம் வரை என்றார்கள். அந்த அஜாக்கிரதை யாருடையது என்பதல்லவா கேள்வி?

லைசென்ஸ் ஒருத்தர் பெயரில். குத்தகைக்கு எடுத்தவர் இன்னொருத்தர். அவரிடமிருந்து அறை அறையாக உள்குத்தகை எடுத்தவர்கள் வேறு. நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாத அறையில் எத்தனை பேர் இருந்தார்கள்? மருந்து அளவுக்கு மேல் கலந்து கிடந்ததா? தீபாவளி ஆர்டருக்காக மரத்தடியில் உட்கார வைத்து வேலை வாங்கினார்களா? இன்ஸ்பெக்டர் கடைசியாக வந்து கையெழுத்துப் போட்டது எந்தத் தேதி? இதெல்லாம் ஒரு புலனாய்வு நிருபர் ஒரு வாரத்தில் கண்டுபிடிக்கக்கூடியவை. ஊருக்குள் ரெண்டு டீ குடித்தால் பாதி தெரிந்துவிடும். ஆனால் அறிக்கையில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது. செத்தவனே குற்றவாளி. எதிர்த்துப் பேச அவன் வரப்போவதில்லை. தினக்கூலிக்கு மருந்து அறைக்குள் போகிறவர்கள் யார், எந்தத் தெருவிலிருந்து போகிறார்கள் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

நாற்காலியை மாற்றிப் போட்டவர்கள் இல்லாமல் இல்லை. வெண்மணிக்கு நேரில் போய் எரிந்த குடிசைகளின் மனிதர்களிடம் பேசி எழுதினார் மைதிலி சிவராமன். பாரதி கிருஷ்ணகுமாரின் 'ராமையாவின் குடிசை' அந்தச் சனங்களையே பேச வைத்த படம். 'ஃப்ரண்ட்லைன்' நிருபர் எஸ். விஸ்வநாதன் 1995இலிருந்து பத்தாண்டுகள் தமிழ்நாட்டின் தலித் விரோத வன்முறைகளை ஊர் ஊராகப் போய் எழுதி, அது புத்தகமாகவும் வந்தது. நமக்கென்று இதில் பழைய வேரும் உண்டு. ரெட்டமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' நடத்தினார். 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். நமக்கு நடந்ததை நாமே எழுதினால்தான் அது நடந்ததாக ஆகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கடல் தாண்டியும் ஒரு அக்கா இருந்தார். ஐடா பி. வெல்ஸ். அடிமையாகப் பிறந்த கறுப்பினப் பெண், பத்திரிகைக்காரர். 1892இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் மளிகைக் கடை நடத்திய அவருடைய நண்பரையும் இன்னும் ரெண்டு பேரையும் வெள்ளைக் கும்பல் கொன்றது. கறுப்பர்கள் வெள்ளைப் பெண்களைக் கெடுத்தார்கள், அதனால் கொன்றோம் என்பதுதான் அன்றைக்கு எல்லாக் கொலைக்கும் சொல்லப்பட்ட காரணம். வெல்ஸ் ஊர் ஊராகப் போய் விசாரித்தார். மளிகைக் கடைக் கொலையின் காரணம், எதிர்க்கடை வெள்ளைக்காரனின் வியாபாரம் படுத்ததுதான் என்று எழுதினார். அவருடைய பத்திரிகை அலுவலகத்தை அடித்து நொறுக்கினார்கள். அவர் ஓயவில்லை. 1895இல் எழுதிய நூலில், வெள்ளைக்காரர்களின் பத்திரிகைகள் வெளியிட்ட கணக்கையே எடுத்து அவர்கள் முன்னால் போட்டார். நீங்கள் எழுதியதுதான், நான் கூட்டிச் சொல்கிறேன் என்றதைப் போல. அவர் இறந்து எண்பத்தொன்பது ஆண்டு கழித்து 2020இல் புலிட்சர் சிறப்பு விருது கொடுத்தார்கள்.

அவருடைய காரியத்தில் நமக்கொரு பாடம் இருக்கிறது. அவர்கள் எழுதிய காகிதத்தையே கையில் எடுப்பது. 1994 தீர்ப்பு திறந்த கதவு என்றேனே, அது இதற்குத்தான். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, குற்றப்பத்திரிகை, சாட்சி வாக்குமூலம், தீர்ப்பு. நீதிமன்ற ஆவணத்தில் ஏறியதை எடுத்து எழுத யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. புகார் கொடுத்தவருக்கு முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். தகவல் உரிமைச் சட்டம் 2005இலிருந்து இருக்கிறது. கல்லூரி மாணவர்களே, உங்களில் பலருக்குப் பத்திரிகைப் படிப்பு இல்லாமல் இருக்கலாம். ஒரு நோட்டும் பத்து ரூபாய் மனுவும் போதும். ஆட்டோ சங்கருக்குக் கிடைத்த உரிமை அந்த மஞ்சப்பை அம்மாவுக்குக் கிடையாதா?

நண்பர் ஒருத்தர் கேட்டார்: "துக்கத்தைக் கிளறி அதையும் கதையாக்கி விக்கப் போறீங்களா?" நியாயமான பயம். நாற்காலி மாறினால் மட்டும் போதாது. கேள்வியும் மாற வேண்டும். "அந்த நேரம் உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டு அழுகையைப் படம் பிடிப்பது பிணத்தின் மேல் காசு பொறுக்குகிற வேலை. சாட்சியின் உயிர்ப் பயம் இன்னொன்று. அதே ஊரில், அதே குழாயடியில் மறுநாளும் நிற்க வேண்டியவர் அவர். நாம் பஸ் ஏறிவிடுவோம். வழக்கு நடக்கும்போது வக்கீலைக் கேட்காமல் ஒரு வரி வெளியிடக் கூடாது. பெயர் வேண்டாம் என்றால் வேண்டாம். எழுதியதை அவர்களுக்கு வாசித்துக் காட்டி, சரி என்ற பிறகே அச்சுக்குப் போக வேண்டும். இது நம் ஒழுக்கமாக இருக்கட்டும். பெரிய பத்திரிகைகளின் நிருபர்களுக்கும் ஒரு வார்த்தை: ஐயா, உங்கள் நோட்டுப் புத்தகங்களில் வீரப்பனைத் தவிர வேறு ஊர்ப் பெயர்களும் இருக்கும். அடுத்த முறை நாற்காலியில் உட்காரும்போது அந்தப் பக்கங்களையும் புரட்டுங்கள்.

கடைசியாக அந்த அம்மாவைப் பற்றி. அடுத்த மாதம் என்ட்ரி போட வந்தபோது, "ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வரலாமாக்கா?" என்று கேட்டேன். வரச் சொன்னார். நானும் ரெண்டு கல்லூரிப் பையன்களும் போனோம். அவரும் அதே பயராபீஸில்தான், வேறு அறையில், திரி சொருகும் வேலை. செல்போனை எடுக்கவில்லை. நோட்டில் எழுதினோம். முதலில் கொஞ்ச நேரம் வீட்டுக்காரர் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோகிற கதை சொன்னார். சேவு என்றால் அவருக்கு உயிராம். நாங்கள் குறுக்கே பேசவில்லை.

அப்புறம் ஒரு பையன் கேட்டான். "அன்னைக்கு அந்த மருந்து ரூமுல எத்தன பேருக்கா இருந்தாங்க?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இதுவரைக்கும் யாரும் இதைத் தன்னிடம் கேட்கவில்லை என்றார். போலீசும் கேட்கவில்லை, தாசில்தாரும் கேட்கவில்லை. வலது கையை நீட்டி ஒவ்வொரு பெயராகச் சொல்லி விரலை மடக்கினார். நான்கு விரல் மடங்கியது. கட்டைவிரலும் மடங்கியது. இடது கையை நீட்டினார். பையன் எழுதிக்கொண்டே இருந்தான்.